பெயரில்லாத முகங்கள்

திருவருகைக் காலம் தொடங்கியதும் தபால்காரரின் மிதிவண்டி மணியோசைக்குக் காது கொடுத்துக் காத்திருந்த காலம் ஒன்று நம் பங்குகளில் இருந்தது. இன்று வாழ்த்துகள் கைப்பேசித் திரையில் வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து, புத்தாண்டு பிறக்குமுன்பே மறைந்தும் போகின்றன. காலத்தின் போக்கைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. அந்தக் காலத்தில் வந்த அட்டைகளுள் எஞ்சியவை எங்கே இருக்கின்றன, அவற்றைத் தேடிச் சேர்ப்பதால் யாருக்கு என்ன பயன் என்பதை எண்ணிப் பார்ப்பதே நோக்கம். பழைய கிறிஸ்மஸ் அட்டைகளைச் சேர்ப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்றே பலர் கருதுகின்றனர். மதுரைச் சீமையில் வாழும் கத்தோலிக்கர்களாகிய நமக்கோ அது முன்னோர் கடன் தீர்க்கும் செயலாகவும் அமையக்கூடும்.

அட்டை பிறந்த கதை

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு ரோலண்ட் ஹில் என்பவரின் முயற்சியால், ஒரு பென்னி கட்டணத்தில் நாட்டின் எம்மூலைக்கும் கடிதம் அனுப்பும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஏழையும் கடிதம் எழுதலாம் என்ற நிலை தோன்றிய மூன்றாம் ஆண்டில், 1843இல், ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு வாழ்த்து அட்டை வரையச் செய்தார். அச்சாகிய முதல் கிறிஸ்மஸ் அட்டை என்று போற்றப்படுவது இதுவே. அட்டையின் நடுவே ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இருபுறமும் பசித்தவருக்கு உணவளிப்போரும், ஆடையற்றவருக்கு ஆடை அளிப்போரும் வரையப்பட்டுள்ளனர். குழந்தை இயேசுவையோ மாட்டுக் குடிலையோ அதில் காணோம். ஆயினும் ஏழைகள் இருக்கின்றனர் என்பது நம் சிந்தனைக்குரியது. விருந்தில் மது அருந்தும் காட்சியைக் கண்டு அக்காலத்துச் சமயப் பற்றாளர் சிலர் முகம் சுளித்தனர் என்பதும் வரலாறு.

உறை வேண்டாத அஞ்சலட்டை 1869ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில், கால் அணா விலையில் இந்தியாவிலும் அது அறிமுகமாயிற்று. நம் நாட்டுச் சாமானியனின் கைக்குக் கடிதம் எட்டியது அன்றுதான். 1922இல் அரை அணாவாக உயரும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கால் அணா விலை மாறவே இல்லை. படிக்கத் தெரியாதவர்களின் வீட்டுத் திண்ணையில் தபால்காரரே அமர்ந்து அட்டையைப் படித்துச் சொன்ன ஊர்கள் பல. எழுதியவர் ஒருவர், கேட்டதோ தெருவே.

தொடக்க காலத்துப் படஅட்டைகளில் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டுமே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்தில் கிடைத்த இடைவெளியில் நுணுக்கி எழுதவேண்டும். 1902இல் பிரிட்டன் அப்பக்கத்தை நடுக்கோடிட்டுப் பிரித்து, இடப்புறம் செய்திக்கும் வலப்புறம் முகவரிக்கும் இடம் தந்தது. பிற நாடுகளும் அடுத்தடுத்து அவ்வழி வந்தன. ஆகவே, பின்புறம் கோடு இல்லாத அட்டை பொதுவாக மிகப் பழையது. கோடு உள்ளது அதற்குப் பிந்தியது. தபால்தலையும் சான்று கூறும். ஏழாம் எட்வர்டின் முகம் இருந்தால் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு என்றும், ஐந்தாம் ஜார்ஜின் முகம் இருந்தால் 1911க்குப் பிற்பட்டது என்றும் கொள்ளலாம். விலை அணாவில் இருந்தால், பெரும்பாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தியது. தபால் முத்திரை தெளிவாக இருப்பின் ஐயமே இல்லை.

வெளியூரிலிருந்து வந்த பனி

அக்காலத்து வண்ண அட்டைகளுள் பெரும்பகுதி ஜெர்மனியின் கல் அச்சுக் கூடங்களில் உருவாயின. இலண்டனில் புகழ்பெற்ற ரபேல் டக் நிறுவனம் கிறிஸ்மஸ் அட்டைகளை உலகெங்கும் அனுப்பியது. அதை நிறுவியவர் ஒரு யூதர் என்பது பலரும் அறியாத செய்தி. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று, கிறிஸ்மஸ் எண்கிழமைக்குள், ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அந்நிறுவனத்தின் கட்டடம் எரிந்து, அதன் மூலப்படங்களும் ஆவணங்களும் அழிந்துபோயின. அழிந்தவற்றுக்குச் சாட்சியாக இன்று நிற்பவை, உலகெங்கும் வீடுகளில் தங்கிவிட்ட அட்டைகளே. காலணா அட்டை ஒரு நிறுவனத்தின் காப்பகத்தை விட நீண்ட ஆயுள் பெற்றது!

அந்த அட்டைகளில் வந்தவை ஊசியிலை மரமும், சிவந்த மார்புடைய ராபின் குருவியும், கூரைமேல் குவிந்த பனியும். வைகைக் கரையிலோ டிசம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயல்களில் நெற்கதிர் தலைசாய்க்கும் காலம். நம் மொழியில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் பனி. மேலைநாட்டுக் கூரையில் முழ உயரம் குவிவதும் பனி. ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தியதால், அந்த அட்டைகளைக் கண்ட நம் சிறுவர்கள் அவற்றை முற்றிலும் அந்நியமாக உணரவில்லை போலும். பஞ்சை உதிர்த்துக் குடிலின் மேல் ஒட்டிய கைகள் நம்முடையவையே.

வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றியபோது, சூசையப்பர் வாழ்ந்த யூதேயாவைத் தமிழ் மரபுப்படி நாட்டு வளமும் நகர் வளமும் பாடி, நம் மண்ணின் சாயலில் அமைத்தார். பெத்லகேமைத் தமிழ் நிலத்தில் காணும் கண் நமக்கு அட்டைகளுக்கு முன்பே வாய்த்திருந்தது. பிற்காலத்தில் கோவா நாட்டு ஓவியர் ஆஞ்செலோ த பொன்சேகா, மரியன்னையைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தபோது, தம் மக்களிடமே கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அயல்நாட்டுப் பனி எளிதில் ஏற்கப்பட்டது. சொந்த நாட்டுச் சேலை ஏற்கப்படவில்லை. பழைய அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, எதைப் புனிதம் என்று நாம் கற்றுக்கொண்டோம் என்பதும் கண்முன் விரிகிறது.

இங்கிருந்து சென்ற முகங்கள்

அட்டைகள் இங்கு வந்தன என்பது பாதிக் கதையே. மதுரையின் பெயர் தாங்கிய அட்டைகள் இங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றன.

1606இல் தத்துவ போதகராம் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்ததும், 1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டதும், 1838 முதல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினர் மீண்டும் இப்பணித்தளத்தில் உழைத்ததும் வாசகர்கள் அறிந்தவை. பின்னர் தூலூஸ் மாநிலத் துறவியர் இப்பொறுப்பைத் தாங்கினர். 1886இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் உருவானபோதும் சரி, அதன்பின் பல்லாண்டுகளும் சரி, பிரான்சு நாட்டில் இத்தளம் முழுவதும் 'மதுரே மிஷன்' என்ற ஒரே பெயரால் அறியப்பட்டது. மதுரை தனி மறைமாவட்டமானது 1938இல், உயர்மறைமாவட்டமானது 1953இல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படஅட்டை மோகம் உலகெங்கும் பரவியிருந்தது. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும், வீலே-கிளைன் நிழற்பட நிலையமும் தென்னாட்டுக் காட்சிகளை அட்டைகளாக வெளியிட்டன. மதுரைத் தெப்பக்குளமும் கோவில் கோபுரங்களும் திருமலை நாயக்கர் மகாலும் அவ்வாறே கடல் கடந்தன. மறைபரப்புச் சபைகளும் இவ்வழியைக் கையாண்டன. 'மதுரே மிஷன்' என்று பிரெஞ்சில் தலைப்பிட்ட அட்டைத் தொடர்கள் ஐரோப்பாவில் விற்கப்பட்டன. கோவிலும் பள்ளியும், குருவைச் சூழ்ந்து நிற்கும் ஊர்மக்களும், உபதேசியார்களும், அநாதைச் சிறுவர்களும் அவற்றில் காட்சி தந்தனர். அவற்றின் விற்பனை பணித்தளத்திற்கு ஓரளவு பொருளுதவி. அவற்றின் படங்கள் உபகாரிகளின் இரக்கத்தைத் தூண்டும் விண்ணப்பம். பிரெஞ்சு மக்களுக்குக் கிறிஸ்மஸ் தொடங்கி ஜனவரி முழுவதும் வாழ்த்து எழுதும் பருவம். அப்பருவத்தில் நன்றியும் வாழ்த்தும் எழுத இத்தகைய அட்டைகள் கைகொடுத்தன. கப்பல் தபால் போய்ச் சேர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். ஆகையால், இங்கிருந்து கிறிஸ்மஸ் வாழ்த்து எழுதுவோர் நவம்பர் இறுதியிலேயே எழுதியாக வேண்டும்.

படத்தில் விண்மீனோ குடிலோ இல்லாததால், இவ்வட்டைகளைச் சேகரிப்போர் கிறிஸ்மஸ் வரிசையில் வைப்பதில்லை. நமது கருத்தில், அட்டையின் பின்புறத்தில் கிறிஸ்மஸ் வாழ்த்து எழுதப்பட்டிருக்குமானால் அதுவும் கிறிஸ்மஸ் அட்டையே. முன்புறத்தை அச்சகத்தார் தந்தனர். பின்புறத்தை மனிதர் தந்தனர்.

இந்த அட்டைகளை உற்று நோக்கும்போது நெஞ்சை உறுத்தும் உண்மை ஒன்று உண்டு. குருவின் பெயர் சிலவற்றில் இருக்கும். ஊரின் பெயர் சிலவற்றில் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் நம் மக்களின் பெயர் இராது. 'கிறிஸ்தவக் குடும்பம்', 'பள்ளிச் சிறுமியர்', 'விதவைகள்' என்ற பொதுப்பெயரே இருக்கும். அக்காலத்துக் குடியேற்ற ஆட்சியின் நிழற்பட வழக்கம் மனிதரை வகைவகையாகப் பிரித்துக் காட்டுவது. ஆகவே சாதிப் பெயரையே தலைப்பாகச் சுமந்த அட்டைகளும் அன்று விற்பனைக்கு வந்தன. மறைபரப்பாளர் பலர் நம் மக்களுக்காக உயிரையே தேய்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் வெளியிட்ட அட்டையும் அக்காலத்தின் கண்கொண்டே நம்மைப் பார்த்தது. இரக்கத்தைப் பெற்றுத் தந்த அந்த முகங்கள் தங்கள் பெயரை இழந்தன.

அம்முகங்கள் யாருடையவை? நம் கொள்ளுப்பாட்டனும் கொள்ளுப்பாட்டியும் அல்லவா அவர்கள்?

முகமில்லாத பெயர்கள்

மறுபுறம், நம் பங்கு இல்லங்களின் அலமாரிகளில் வேறொரு செல்வம் உறங்குகிறது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல், ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு, குடும்ப நிலை ஆகிய ஐந்துக்கும் பதிவேடுகள் வைக்கப் பணித்தது. அந்த ஒழுங்கின்படி நம் பழைய பங்குகளில் குழந்தையின் பெயரும், பெற்றோர் பெயரும், ஞானப்பெற்றோர் பெயரும், நாளும், ஊரும் எழுதி வைக்கப்பட்டன. எந்த அரசு அலுவலகமும் பொருட்படுத்தாத கூலித் தொழிலாளியின் மகளும் அங்கே தன் பெயரோடு இருக்கிறாள். சவேரியாய், ஞானப்பிரகாசம், மரியதாஸ், அந்தோணியம்மாள் என வரிவரியாக ஓடும் அந்த ஏடுகளில் பெயர்கள் உண்டு, முகங்கள் இல்லை. அட்டையில் முகங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. இரண்டும் ஒரே மக்களைப் பற்றியவை. நூறு ஆண்டுகளாக அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அவற்றைச் சந்திக்க வைப்பதே இன்று நம்மால் இயன்ற பணி. அது எளிதன்று, இயலாததுமன்று. அட்டையில் அச்சான ஊர்ப்பெயரை முதலில் கொள்க. 'மதுரே' என்றிருப்பதால் அது மதுரை நகரம் என்று முடிவு செய்துவிடலாகாது. திருச்சியோ பாளையங்கோட்டையோ தூத்துக்குடியோ ஆகவும் இருக்கலாம். பின்புலத்தில் தெரியும் கோவில் முகப்பையும், கோபுரத்தையும், கொடிமரத்தையும் இன்றைய கோவிலோடும் அதன் கட்டட வரலாற்றோடும் ஒப்பிடுக. குருவின் பெயர் கிடைத்தால், அவர் அவ்வூரில் பணியாற்றிய ஆண்டுகளைப் பதிவேட்டில் அவரது கையொப்பம் தொடங்கி முடியும் இடங்களே காட்டிவிடும். உபதேசியார் ஓர் ஊருக்குப் பெரும்பாலும் ஒருவரே. அவர் பெயர் சாட்சியாகத் திருமண ஏட்டில் மீண்டும் மீண்டும் வரும். அதன்பின் அவ்வூரின் முதியோரிடம் படத்தைக் காட்டுக. எண்பதைக் கடந்தவர்கள், தங்கள் சிறுவயதில் கண்ட முதியவர்களின் முகத்தை இளைய முகமாக அடையாளம் காணும் வாய்ப்பு இன்னும் சற்றுக் காலமே உண்டு. அவர்கள் கண்மூடிவிட்டால் ஏடும் அட்டையும் இருந்தும் பயனில்லை.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். உறுதியாகத் தெரியாத முகத்திற்கு நம் விருப்பப்படி ஒரு பெயரைச் சூட்டுவது, பெயரின்றி விடுவதைவிடப் பெரிய அநீதி. 'இன்னார் என்று இன்னார் கூறினார்' எனத் தேதியிட்டுத் தனித்தாளில் எழுதி வைப்பதே முறை. சாதிப் பெயரை மட்டுமே தலைப்பாகக் கொண்ட அட்டை கிடைத்தால், அத்தலைப்பைப் பெருமையாகவோ இழிவாகவோ பரப்பாமல், அம்மனிதரின் சொந்தப் பெயரைத் தேடித் தருவதே கிறிஸ்தவ மறுமொழி.

வீட்டுப் பெட்டிக்குள்

ஐரோப்பிய வணிகர்களிடம் மறைபரப்பு அட்டைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. 2018இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்கவியல் கல்லூரியில், சென்னை, பெங்களூர்ப் படஅட்டைகளை நகர வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஒரு கண்காட்சியே நடந்தது. அறிஞர் உலகம் இவற்றின் மதிப்பை உணர்ந்துவிட்டது. நம் வீடுகளிலோ இவை பழைய தாளோடு எடைக்குப் போகின்றன.

பங்கில் வீடு சந்திக்கச் செல்லும்போது, தகர டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து சிலர் நமக்கு எடுத்துக் காட்டுவதுண்டு: இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் மலாயாவிலிருந்தும் மகன் எழுதிய அட்டை, கன்னியர் மடத்திலிருந்து மகள் அனுப்பிய வாழ்த்து, நகரத்து ஸ்டூடியோவில் குடும்பமாக நின்று எடுத்துக்கொண்ட 'போஸ்ட் கார்டு சைஸ்' படம். அப்படத்தின் பின்புறத்தைத் திருப்பினால், அதுவும் முகவரிக் கோடுகள் அச்சிட்ட அட்டையாகவே இருக்கும். எழுதிய பக்கத்தின் உச்சியில் சிறு சிலுவை. அதன்கீழ் 'சேசு மரி சூசை'. பிறகு நலம் விசாரிப்பு, கடன் கணக்கு, மழை நிலவரம், இறுதியில் ஓரிரு சொற்களில் பண்டிகை வாழ்த்து. வாழ்த்தைவிட, அதைச் சூழ்ந்திருக்கும் அந்த அன்றாடமே வரலாற்றுக்குப் பெருஞ்செல்வம்.

பின்னர் சிவகாசி அச்சகங்கள் தமிழ் எழுத்தில் வாழ்த்து அட்டைகளை மலிவாக அள்ளித் தந்தன. பொங்கல் வாழ்த்துக்கு அருகிலேயே கிறிஸ்மஸ் வாழ்த்தும் பெட்டிக்கடைகளில் தொங்கியது. உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் அனுப்பிய நினைவு வாசகர் பலருக்கும் இருக்கும். அவையும் இப்போது பழமையின் வரிசையில் சேரத் தொடங்கிவிட்டன. ஐம்பது ஆண்டு கழித்து அவற்றையும் தேடுவார்கள்.

ஆகவே சில எளிய வழிகளைக் கூறிவைப்போம். அட்டையிலிருந்து தபால்தலையைப் பிரிக்கவோ நீரில் ஊறவைக்கவோ வேண்டாம். தலை போனால் நாள் போயிற்று. ஆல்பத்தில் பசை தடவி ஒட்டினால் பின்புறம் என்றென்றைக்கும் மூடிவிடும். கிழிந்ததைச் செல்லோடேப்பால் ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்புக்கறை படரும். லாமினேஷன் செய்வதோ திரும்பப் பெறமுடியாத சிறை. நம் வெப்பத்திலும், ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் தப்ப, தனித்தனித் தாளுறையில் இட்டு, தரையையும் ஈரச்சுவரையும் தொடாத பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்ப்பது நலம். குறிப்பு எழுதுவதானால் உறைமீது பென்சிலால் எழுதுக. இருபக்கத்தையும் படமெடுத்துப் பங்கு அலுவலகத்தில் ஒரு படியும் வைக்கலாம். மூல அட்டையைக் குடும்பத்தாரிடமிருந்து வாங்கிவிட வேண்டியதில்லை, அது அவர்களுடையது. அதில் எழுதியிருப்பது பிறர் மனம் திறந்து எழுதியது என்பதால், குடும்பத்தார் இசைவின்றி அதை அச்சிடுவதும் கூடாது.

பதிவேட்டில் தொடங்கிய விழா

லூக்கா நற்செய்தியாளர் கிறிஸ்து பிறப்பை ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு தொடங்குகிறார். அகுஸ்து சீசரின் ஆணைக்குப் பணிந்து, தம் பெயரைப் பதிவு செய்யவே சூசையும் மரியாவும் பெத்லகேமுக்கு நடந்தார்கள். பேரரசுக்கு அவர்கள் வரி கட்டும் எண்ணிக்கையில் இருவர். இறைவனுக்கோ மீட்பின் வரலாறே அவர்கள் கையில். பெயரில்லாத கூட்டத்தினுள் இறைமகன் ஒருவராய்ப் புகுந்தார். அவரை முதலில் கண்ட இடையர்களின் பெயர்களும் நற்செய்தியில் இல்லை. ஆனால் அவர் வளர்ந்து, ஆடுகளைப் பெயரிட்டு அழைக்கும் ஆயனாகத் தம்மைக் காட்டினார் என்பதை யோவான் நமக்கு உணர்த்துகிறார்.

பெயர் சொல்லி அழைப்பது இறைவனின் பண்பு என்றால், பெயரிழந்தவர்களின் பெயரைத் தேடுவது அவருடைய மக்களுக்குரிய பணி. இவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் இருக்கும் பழைய அட்டைகளையும் படங்களையும் ஒரு மாலைப் பொழுதில் கொண்டுவந்து, முதியோரை நடுவில் அமர்த்தி, 'இவர் யார்?' என்று கேட்குமானால் அதுவே நல்ல தொடக்கம். நூறு முகங்களில் பத்துக்குப் பெயர் கிடைத்தாலும், அப்பத்துப் பேருக்கும் கல்லறைத் திருநாளில் பெயர் சொல்லிச் செபிக்க முடியும். மற்ற தொண்ணூறு பேரின் பெயர்களை இறைவன் அறிவார். நாம் தேடினோம் என்பதையும் அவர் அறிவார்.